பைத்தானில் சரங்களின் பட்டியலை ஒரே சரமாக இணைத்தல்: முழுமையான வழிகாட்டி

நிரல் எழுதப் பழகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எதிர்ப்படும் வேலைகளுள் ஒன்று, ஒரு பட்டியலில் தனித்தனியாகக் கிடக்கும் சொற்களை ஒரே வரியாக்கிக் காட்டுவது. பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைக் கற்றுக்கொண்டவர்களும் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் இடறியிருக்கிறேன். இணைக்கும் கட்டளையில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. இணைப்பதற்கு முன் உறுப்புகளைத் தயார் செய்யாமல் விடுவதில்தான் குறை இருக்கிறது. எனவே இந்த வழிகாட்டி கட்டளையைச் சுருக்கமாகவும், அதற்கு முன்னால் நடக்க வேண்டியவற்றை விரிவாகவும் பேசுகிறது.

ஸ்ட்ரிங் என்று நாம் நாள்தோறும் சொல்வதை, அதாவது மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் எழுத்துத் தொடரை, இங்கே சரம் என்றும், லிஸ்ட் என்பதைப் பட்டியல் என்றும் குறிப்பிடுகிறேன். எடுத்துக்காட்டுகளில் பைத்தானின் கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். கணினியில் இயக்கும்போது ஜாயின், ஃபார், இன் போன்றவற்றை அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். ஆனால் மாறிகளின் பெயர்களை இங்குள்ளபடி தமிழிலேயே எழுதலாம், பைத்தான் 3 அதை ஏற்கும்.

முதற்படி: அடிப்படைக் கட்டளை

```
ஆறுகள் = ["காவிரி", "வைகை", "பாலாறு", "தாமிரபரணி"]
வரி = ", ".ஜாயின்(ஆறுகள்)
பிரிண்ட்(வரி)
```

திரையில் "காவிரி, வைகை, பாலாறு, தாமிரபரணி" என்று வரும். மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்ததுதான் பிரிப்பான். அது இரண்டு உறுப்புகளுக்கு இடையில் மட்டுமே வரும். தொடக்கத்திலும் முடிவிலும் வராது. நான்கு உறுப்புகள் இருந்தால் மூன்று பிரிப்பான்கள், ஒன்றே ஒன்று இருந்தால் பிரிப்பானே இல்லை, பட்டியல் வெறுமையாக இருந்தால் விடை வெற்றுச் சரம். இந்த மூன்று நிலைகளுக்கும் நாம் தனியாக எதையும் எழுத வேண்டியதில்லை என்பதே இந்தக் கட்டளையின் பெரிய வசதி. பிரிப்பான் தேவையில்லை என்றால் வெற்று மேற்கோள் குறிகளைப் பிரிப்பானாகக் கொடுத்தால் போதும்.

புதிதாக வருபவர்களுக்கு இதன் வடிவம் தலைகீழாகத் தோன்றும். பட்டியலைத்தானே இணைக்கிறோம், அப்படியானால் பட்டியலின் பெயரை முன்னால் எழுதி அதன் மீதல்லவா ஜாயினை அழைக்க வேண்டும், பிரிப்பான் ஏன் முன்னால் வந்து நிற்கிறது என்று கேட்பார்கள். நாம் எதைக் கொடுத்தாலும் ஜாயின் இணைக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம்: பட்டியல், மாற்ற முடியாத பட்டியலான டப்பிள், செட் எனப்படும் கணம், அகராதியின் திறவுச்சொற்கள், திறந்து வைத்த கோப்பு, ஒவ்வொன்றாக மதிப்பைத் தரும் ஜெனரேட்டர் என உறுப்புகளை வரிசையாகத் தரக்கூடிய எதுவும் அதற்குச் சம்மதம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாயின் எழுதுவதைவிட, எப்போதும் சரமாகவே இருக்கப்போகும் பிரிப்பானிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைப்பது எளிது. 2000-ஆம் ஆண்டு வெளியான பதிப்புகளுக்கு முன்பு இது ஒரு தனித் தொகுதியின் செயற்கூறாக, பட்டியலை முதலிலும் பிரிப்பானை இரண்டாவதாகவும் பெறுவதாக இருந்தது. 2008-இல் வந்த 3.0 பதிப்பில் அந்தப் பழைய வடிவம் நீக்கப்பட்டது. பழைய நிரல்களைப் புதுப்பிப்பவர்கள் அதை இன்றும் காணலாம்.

இரண்டாம் படி: எல்லா உறுப்புகளும் சரங்கள்தானா என்று பார்த்தல்

மேட்டூர், வைகை, பாபநாசம் அணைகளின் முழு நீர்மட்டத்தை அடிக்கணக்கில் ஒரு பட்டியலில் வைத்து இணைக்க முயல்வோம்.

```
மட்டங்கள் = [120, 71, 143]
", ".ஜாயின்(மட்டங்கள்)
```

இது டைப்எரர் என்ற பிழையுடன் நின்றுவிடும். வரிசையின் 0-ஆம் உறுப்பில் சரத்தை எதிர்பார்த்தேன், முழு எண் இருக்கிறது என்பது அந்தப் பிழைச் செய்தியின் பொருள். எந்த இடத்து உறுப்பு தவறானது என்பதையும் அது சொல்லிவிடுவதால், நீளமான பட்டியலில் தேடும் வேலை குறைகிறது. எண்களைச் சரமாக்கி இணைக்க வேண்டும். ஸ்ட்ர் ஒரு மதிப்பைச் சரமாக்கும், மேப் அதை ஒவ்வோர் உறுப்பின் மீதும் செய்யும்:

```
", ".ஜாயின்(மேப்(ஸ்ட்ர், மட்டங்கள்))
```

பிழை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இந்த மேப்பைச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். தரவுத்தளத்திலிருந்து வந்த பட்டியலில் மதிப்பே இல்லாத ஓர் உறுப்பு இருந்தால், பைத்தான் அதை, இன்மையைக் குறிக்கும் நன் என்ற ஆங்கிலச் சொல்லாக மாற்றி வரியின் நடுவில் செருகிவிடும். பிழைச் செய்தி வராது, பயனருக்கு அனுப்பும் கடிதத்தில்தான் அது தெரியவரும். தசம எண்களிலும் இதே நிலைதான். 65.30 என்று காட்ட வேண்டிய தொகை 65.3 என்று வரும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிய மதிப்பு 0.30000000000000004 என்று நீளும். எத்தனை தசம இடங்கள் வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கேற்ப ஒவ்வொரு எண்ணையும் வடிவமைத்த பிறகே இணைக்க வேண்டும்.

பட்டியலைக் கையால் எழுதும்போது நேரும் வேறொரு பிழை எந்தச் செய்தியும் இன்றிக் கடந்துபோகும். இரண்டு சரங்களுக்கு இடையில் காற்புள்ளியை மறந்து ["காவிரி", "வைகை" "பாலாறு"] என்று எழுதினால், அடுத்தடுத்து நிற்கும் மேற்கோள் சரங்களைப் பைத்தான் தானாகவே ஒட்டிவிடும். விடை "காவிரி, வைகைபாலாறு" என்று வரும். இலக்கணப்படி அது பிழையும் அன்று.

மூன்றாம் படி: வெற்று உறுப்புகளை நீக்குதல்

முகவரிகளை இணைக்கும்போது இது அன்றாடப் பிரச்சினை. கதவு எண், அடையாள இடம், தெரு, ஊர் என்று நான்கு கட்டங்கள் இருக்க, அடையாள இடத்தை யாரும் நிரப்பவில்லை என்றால் "14, , மேல மாசி வீதி, மதுரை" என்று இரண்டு காற்புள்ளிகள் அருகருகே வந்து நிற்கும். வெற்றுச் சரங்களை வடிகட்டினால் சரியாகும் என்றாலும், படிவத்தை நிரப்பியவர் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு இடைவெளியைத் தட்டியிருந்தால் அது வெற்றுச் சரமாகக் கருதப்படாது. ஆகவே ஓரங்களில் இருக்கும் இடைவெளியை நீக்கிய பிறகே சோதிக்க வேண்டும்:

```
சுத்தம் = [ப.ஸ்ட்ரிப்() ஃபார் ப இன் பகுதிகள்]
முகவரி = ", ".ஜாயின்([ப ஃபார் ப இன் சுத்தம் இஃப் ப])
```

கோப்பிலிருந்து வரிகளைப் படித்து இணைப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டே வருவதால், அதை நீக்காமல் காற்புள்ளியால் இணைத்தால் காற்புள்ளி அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் விழும். மறுதலையாக, புதுவரிக் குறியையே பிரிப்பானாக வைத்து இணைத்து ஒரு கோப்பில் எழுதினால் கடைசி வரிக்குப் பின் அந்தக் குறி இருக்காது. சில கருவிகள் கடைசி வரியிலும் அதை எதிர்பார்க்கும். அங்கே நாமே ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

நான்காம் படி: பட்டியலுக்குப் பதில் சரத்தையே கொடுத்துவிட்டால்

பட்டியலில் ஓர் உறுப்புதான் இருக்கிறது என்று எண்ணி, சதுர அடைப்புக்குறியைப் போடாமல் சரத்தை மட்டும் கொடுத்துவிடுவது எளிதில் நேரும் தவறு. சரமும் உறுப்புகளைத் தரக்கூடிய வரிசையே என்பதால் பைத்தான் எதிர்ப்பு ஏதும் சொல்லாது. ஆங்கிலச் சொல்லாக இருந்தால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், அவ்வளவுதான். தமிழில் கதை வேறு.

```
"-".ஜாயின்("வைகை")
```

நமக்கு இது வை, கை என்று இரண்டு எழுத்துகள் கொண்ட சொல். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யுனிகோடுக்கோ வ, ஐகாரக் குறி, க, ஐகாரக் குறி என்று நான்கு குறியீடுகள். எனவே விடையில் உயிர்க்குறிகள் தம் மெய்யை விட்டுப் பிரிந்து, புள்ளியிட்ட வட்டத்தைச் சுமந்துகொண்டு கோடுகளுக்கு நடுவே தனித்து நிற்கும். சொல்லின் எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் விளையாட்டு அல்லது குறுக்கெழுத்துக் கட்டம் எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே எழுத்தெழுத்தாகப் பிரிக்க நினைக்கும்போதும் இதே சிக்கல் வரும். அவர்கள் ஓபன்-தமிழ் என்ற திறமூல நிரலகத்தில் உள்ள, தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறைக் கொண்டு முதலில் ["வை", "கை"] என்ற பட்டியலைப் பெற்றுப் பிறகு இணைக்க வேண்டும்.

வெற்றுப் பிரிப்பானால் இணைக்கும்போது இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. கொள்ளிடம் என்ற சொல்லின் முதல் எழுத்தை யுனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒரு வகை, ககரத்தோடு எகரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. கணினியின் ஒப்பீட்டில் இரண்டும் வெவ்வேறு. நீண்ட உரையைத் துண்டுகளாக வெட்டும்போது வெட்டு சரியாக எகரக் குறிக்கும் காலுக்கும் இடையில் விழுந்திருந்தால், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எவ்வளவு ஒழுங்குபடுத்தியிருந்தாலும், ஒட்டிய இடத்தில் இரண்டாம் வகை எழுத்துதான் உருவாகும். தேடல் பெட்டியில் கொள்ளிடம் என்று தட்டினால் கிடைக்காது. ஆகவே இரு வகைகளையும் ஒரே வகையாக்கும் யுனிகோட் சீராக்கத்தைத் துண்டுகளின் மீது செய்யாமல், இணைத்து முடித்த சரத்தின் மீது செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: கூட்டல் குறியால் ஏன் இணைக்கக் கூடாது

பலரும் முதலில் எழுதுவது இப்படித்தான்:

```
முடிவு = ""
ஃபார் பெயர் இன் ஆறுகள்:
    முடிவு += பெயர் + ", "
```

கடைசியில் ஒரு காற்புள்ளி மிஞ்சுவதும், அதை வெட்ட இன்னொரு வரி எழுதுவதும், பட்டியல் வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்று யோசிப்பதும் கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். தெரியாத தொல்லை வேகத்தில் இருக்கிறது. பைத்தானில் ஒரு சரத்தை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. எனவே ஒவ்வொரு கூட்டலும் கோட்பாட்டளவில் இதுவரை சேர்ந்த அனைத்தையும் புதிய இடத்துக்கு நகலெடுத்து, அதன் வாலில் புதிய துண்டை ஒட்ட வேண்டும். பத்துக் குறியீடுகள் கொண்ட 10,000 சரங்களை இப்படிச் சேர்த்தால் மொத்தம் நகலெடுக்கப்படும் குறியீடுகள் ஏறத்தாழ 50 கோடி. விடையின் நீளமோ ஒரு லட்சம்தான். பட்டியல் இரு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும்.

ஜாயின் இதைச் செய்யும் முறை வேறு. முதலில் ஒரு முறை பட்டியல் முழுவதும் நடந்து, எல்லாச் சரங்களின் நீளத்தையும் பிரிப்பான்களின் நீளத்தையும் கூட்டிக்கொள்கிறது. அந்த அளவுக்கு நினைவகத்தில் ஒரே ஒரு இடத்தை ஒதுக்குகிறது. இரண்டாம் முறை நடந்து ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் ஒரே தடவை எழுதிவிடுகிறது. உறுப்புகளைப் பார்த்த பிறகே அளவு தெரியும் என்பதால், ஜெனரேட்டரைக் கொடுத்தாலும் உள்ளே அதை ஒரு பட்டியலாக மாற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ஜெனரேட்டர் நினைவகத்தை மிச்சப்படுத்தும் என்று நம்பி இங்கே அதைப் பயன்படுத்துவதில் பயனில்லை. பட்டியலாகவே கொடுப்பது சற்று வேகமாகவும் இருக்கும்.

கூட்டல் குறியால் சேர்த்து அளந்து பார்த்தேன், வேகமாகத்தானே இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் அளந்தது உண்மைதான். பைத்தான் நிரல்களை இயக்கப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான சிபைத்தான், 2.4 பதிப்பிலிருந்து ஒரு குறுக்குவழியைக் கையாள்கிறது: அந்தச் சரத்தை வேறு எந்த மாறியும் சுட்டவில்லை என்றால் நகலெடுக்காமல் அதே இடத்திலேயே நீட்ட முயல்கிறது. ஆனால் சரத்தை இன்னொரு மாறியிலும் வைத்துக்கொண்டாலோ பைபை போன்ற வேறு செயலாக்கத்தில் ஓட்டினாலோ அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8, இந்தக் குறுக்குவழியை நம்ப வேண்டாம், வேகம் முக்கியமான இடங்களில் ஜாயினையே பயன்படுத்துங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இரண்டு மூன்று சரங்களை ஒட்டுவதற்குக் கூட்டல் குறி தாராளமாகப் போதும். அங்கே போய் ஜாயின் எழுதுவது வீண் ஆடம்பரம். ஃபார் போன்ற மடக்குக்குள் சேர்க்க வேண்டியிருந்தால், துண்டுகளை ஒரு பட்டியலில் அப்பெண்ட் செய்துகொண்டே வந்து, மடக்கு முடிந்ததும் ஒரே தடவையில் இணைக்க வேண்டும். எண்களைப் போல, வெற்றுச் சரத்தைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்து சம் கட்டளையால் கூட்டிவிடலாமே என்று முயன்றால், பைத்தான் மறுத்து, ஜாயினைப் பயன்படுத்துங்கள் என்று பிழைச் செய்தியிலேயே அறிவுரை கூறும்.

ஆறாம் படி: வரிசையை உறுதி செய்தல்

கணத்தைக் கொடுத்து இணைத்தால் உறுப்புகள் எந்த வரிசையில் வரும் என்று சொல்ல முடியாது. நிரலை மறுபடி இயக்கினால் வரிசையே மாறக்கூடும். எனவே வரிசைப்படுத்திய பிறகே இணைக்க வேண்டும். தமிழ்ச் சொற்களானால் இன்னொரு கவனமும் தேவை. பைத்தானின் சார்ட்டட் யுனிகோட் எண்களின்படி வரிசைப்படுத்துகிறது. அந்த அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. அதனால் அகராதியில் அப்பாவுக்குப் பின்னால் வர வேண்டிய அன்பு, பைத்தானில் முன்னால் வரும். ஓபன்-தமிழில் இதற்கும் அகரவரிசை ஒப்பீடு இருக்கிறது.

ஏழாம் படி: வாசகருக்குக் காட்டும் வாக்கியமாக இணைத்தல்

காற்புள்ளி போட்ட பட்டியல் இயந்திரத்துக்கும் அட்டவணைக்கும் சரி. வாக்கியத்துக்குள் அதைப் பொருத்த, ஆங்கில வழக்கத்தைப் பின்பற்றிக் கடைசி உறுப்புக்கு முன் "மற்றும்" சேர்ப்பதே பரவலாக இருக்கிறது.

```
", ".ஜாயின்(ஆறுகள்[:-1]) + " மற்றும் " + ஆறுகள்[-1]
```

இதில் இரண்டு ஓட்டைகள். பட்டியலில் ஒரே ஆறு இருந்தால் விடை " மற்றும் காவிரி" என்று தொடங்கும். பட்டியல் வெறுமையாக இருந்தால் கடைசி உறுப்பு இல்லை என்று நிரல் நின்றுவிடும். உறுப்புகளின் எண்ணிக்கை இரண்டுக்குக் குறைவாக இருந்தால் வெறும் ஜாயினின் விடையையே திருப்பித் தரும்படி ஒரு நிபந்தனையை முன்னால் வைத்தால் இரண்டும் அடைபடும்.

ஆனால் இயல்பான தமிழ் இப்படிப் பேசுவதில்லை. நாம் காவிரியும் வைகையும் பாலாறும் தாமிரபரணியும் என்றுதான் சொல்கிறோம். நிரலாளரின் கண்ணோடு பார்த்தால் இது முற்றிலும் வேறு வகையான இணைப்பு: ஆங்கிலத்தில் இணைக்கும் சொல் உறுப்புகளுக்கு நடுவில் நிற்கிறது, தமிழில் எண்ணும்மை ஒவ்வோர் உறுப்பின் முடிவிலும் ஒட்டுகிறது. ஆகவே பிரிப்பானை மாற்றிப் பயனில்லை. முதலில் ஒவ்வொரு சொல்லோடும் உம்மையைச் சேர்த்து, பிறகு வெறும் இடைவெளியால் இணைக்க வேண்டும்.

```
டெஃப் உம்மை(சொல்):
    இஃப் சொல்.எண்ட்ஸ்வித்("்"):
        ரிட்டர்ன் சொல்[:-1] + "ும்"
    இஃப் சொல்.எண்ட்ஸ்வித்("ு"):
        ரிட்டர்ன் சொல் + "ம்"
    இஃப் சொல்.எண்ட்ஸ்வித்(("ி", "ீ", "ை")):
        ரிட்டர்ன் சொல் + "யும்"
    ரிட்டர்ன் சொல் + "வும்"

" ".ஜாயின்([உம்மை(பெயர்) ஃபார் பெயர் இன் ஆறுகள்])
```

நான்காம் படியில் தொல்லையாக இருந்த அதே குறியீட்டுப் பிரிவு இங்கே துணைக்கு வருகிறது. கொள்ளிடம் என்ற சொல்லின் கடைசிக் குறியீடு புள்ளி. அதை மட்டும் நீக்கிவிட்டு உகரக் குறியைச் சேர்த்தால் மகரம் மு ஆகி, கொள்ளிடமும் என்று சந்தி விதிப்படியே அமைந்துவிடுகிறது. பாலாறு போன்ற குற்றியலுகரச் சொல்லுக்கு மகர ஒற்று மட்டும் போதும். இந்த நான்கு விதிகள் எல்லாச் சொற்களுக்கும் போதா என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்கும் என்பதால் கண் என்பது கண்ணும் ஆக வேண்டும். மேலே உள்ள செயற்கூறு கணும் என்று தரும். முற்றியலுகரமான பசு, பசுவும் ஆகாமல் பசும் ஆகிவிடும். ஊர்ப் பெயர்கள், ஆற்றுப் பெயர்கள் போன்ற நீண்ட சொற்களுக்கு இது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். எந்தச் சொல் வரும் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில் விதிகளை விரிவாக்கியாக வேண்டும்.

எட்டாம் படி: ஜாயினைப் பயன்படுத்தக் கூடாத இடங்கள்

கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பை வெறும் காற்புள்ளி ஜாயினால் எழுதாதீர்கள். முகவரிக் கட்டத்தில் "மேல மாசி வீதி, மதுரை" என்று ஒரு காற்புள்ளி இருந்தாலே அந்த வரிசையில் அதற்குப் பின் வரும் எல்லாக் கட்டங்களும் ஓர் இடம் தள்ளிப்போகும். பைத்தானோடு வரும் சிஎஸ்வி தொகுதி, தேவையான இடங்களில் மேற்கோள் குறி இட்டு இதைக் கவனித்துக்கொள்ளும்.

தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்க்யூஎல் வினவலில் பயனர் தந்த மதிப்புகளை இணைத்துச் செருகுவது பிழை மட்டுமல்ல, தரவுத்தளத்துக்கே ஆபத்து. கேள்விக்குறிகளை மட்டும் இணைத்து, மதிப்புகளைத் தனியே அனுப்ப வேண்டும்:

```
இடங்கள் = ", ".ஜாயின்(["?"] * லென்(ஆறுகள்))
```

கோப்புப் பாதைகளுக்கு பாத்லிப் இருக்கிறது. ஷெல் கட்டளைகளுக்கு 3.8 பதிப்பு முதல் ஷெலெக்ஸ் தொகுதியிலேயே தனி ஜாயின் இருக்கிறது.

மற்ற மொழிகளிலும் தரவுத்தளத்திலும்

ஜாவாஸ்கிரிப்ட்டில் பட்டியலின் பெயர்தான் முன்னால் வரும். பிரிப்பான் கொடுக்காவிட்டால் காற்புள்ளியை அதுவே எடுத்துக்கொள்ளும். மதிப்பில்லாத உறுப்பை வெற்றுச் சரமாக்கிவிடும். ஜாவாவில் 2014-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் ஸ்ட்ரிங் வகுப்பிலேயே ஜாயின் உண்டு. மதிப்பில்லாத உறுப்பை அது நல் என்ற ஆங்கிலச் சொல்லாகவே எழுதும். பிஎச்பியில் இதன் பெயர் இம்ப்ளோட். எக்செல்லில் டெக்ஸ்ட்ஜாயின், வெற்றுக் கட்டங்களை விட்டுவிடவா என்று அதுவே கேட்டுக்கொள்வதால் மூன்றாம் படியின் பாதி வேலை அங்கே மிச்சம்.

தரவுத்தளத்திலேயே இணைத்து வாங்குபவர்கள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வரிசைகளின் மதிப்புகளை இணைக்கும் குரூப்கான்கேட்டில் ஓர் எல்லையை அறிந்திருக்க வேண்டும். அதன் விடை இயல்பாக 1024 பைட்டுக்கு மேல் போகாது. மிஞ்சுவதை ஓர் எச்சரிக்கையோடு வெட்டிவிடும், அந்த எச்சரிக்கையையும் பெரும்பாலான நிரல்கள் படிப்பதில்லை. யுனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். தாமிரபரணி என்ற பெயரில் ஒன்பது குறியீடுகள், ஆக 27 பைட், காற்புள்ளியோடு 28. அந்த நீளத்தில் 36 பெயர்கள் முழுதாக வரும், 37-ஆவது பாதியில் அறுபடும். ஆங்கிலத் தரவில் சோதித்துவிட்டு நான் எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையில் தமிழ்ப் பெயர்கள் ஏறியதும் பட்டியலின் வால் காணாமல் போனது இப்படித்தான். குரூப்கான்கேட்டின் உச்ச நீள அமைப்பை அந்தத் தரவுத்தளத் தொடர்புக்கு உயர்த்திவிட்டு வினவலை ஓட்ட வேண்டும். அல்லது வரிசைகளை அப்படியே வாங்கிவந்து பைத்தானில் இணைக்கலாம். நான் இப்போது இரண்டாவதைத்தான் செய்கிறேன்.